கார் சாவி ரிமோட் வேலை செய்யவில்லையா? தென்னாப்பிரிக்காவில் வீண் செலவில்லாமல் சரிசெய்யும் வழி

வேலைக்காக டர்பனுக்கோ ஜோகன்னஸ்பர்க்குக்கோ வந்து, செகண்ட் ஹேண்டில் ஒரு போலோ விவோவோ கொரோலா குவெஸ்டோ வாங்கி ஓட்டிக்கொண்டிருக்கும் நம்மவர்களுக்காக இதை எழுதுகிறேன். பழைய கார் வாங்கினால் பெரும்பாலும் ஒரே ஒரு சாவிதான் கைக்கு வருகிறது. அதன் ரிமோட்டும் ஒருநாள் நின்றுபோனால் யாரிடம் போவது, என்னென்ன காகிதம் கேட்பார்கள், எவ்வளவு ஆகும் என்று எதுவும் தெரியாமல் திண்டாட வேண்டியிருக்கிறது. ஆளுக்கொரு யோசனை சொல்ல, நான் டீலருக்கும் சாவிக்கடைக்கும் காவல் நிலையத்துக்கும் மாறிமாறி அலைந்தேன். அந்த அலைச்சல் உங்களுக்கு வேண்டாம்.

ஒன்றை மட்டும் முதலிலேயே மனதில் வையுங்கள். "புரோகிராம் பண்ணணும்", அதாவது சாவியைக் காரில் புதிதாகப் பதிவு செய்யணும் என்று யாராவது சொன்னால், எது கெட்டிருக்கிறது என்று தெரியும்வரை பணத்தை எடுக்காதீர்கள். ரிமோட் வேலை செய்யாமல் போவதற்கு முக்கால்வாசி நேரம் காரணம் வேறாக இருக்கும்.

1. சாவிக்குள் எது கெட்டிருக்கிறது என்று பாருங்கள்

இக்னிஷனில் போட்டுத் திருகும் வகைச் சாவிக்குள் ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத மூன்று வேலைகள் நடக்கின்றன. பட்டனை அழுத்தினால் கதவைத் திறக்கும் ரேடியோ பலகை ஒன்று. இதற்குத்தான் பேட்டரி தேவை. இரண்டாவது, "இது நம்ம சாவிதான்" என்று காருக்குச் சொல்லும் சிப். இக்னிஷன் துவாரத்தைச் சுற்றியிருக்கும் சுருளிலிருந்து அது மின்சக்தி பெறுகிறது, பேட்டரியே வேண்டாம். மூன்றாவது, வெட்டிய உலோகப் பிளேடு.

இதைப் புரிந்துகொண்டால் பாதி வேலை முடிந்தது.

பட்டனுக்குக் கதவு திறக்கவில்லை, ஆனால் பிளேடால் திறந்து உள்ளே போனால் வண்டி ஸ்டார்ட் ஆகிறது என்றால் சிப் நன்றாக இருக்கிறது. பேட்டரி, பட்டன், ரேடியோ பலகை அல்லது காரோடு உள்ள ஒத்திசைவில்தான் (4-ஆம் பகுதியில் சொல்கிறேன்) கோளாறு. பெரும்பாலும் சின்னச் செலவு. பட்டன் வேலை செய்கிறது, ஆனால் வண்டி ஸ்டார்ட் ஆகி ஓரிரு நொடியில் அணைகிறது, அல்லது ஸ்டார்ட்டே ஆகாமல் டேஷ்போர்டில் சாவிப் படம் மின்னுகிறது என்றால் சிப் பக்கம் சந்தேகப்படுங்கள். அது தொழில் தெரிந்த ஆள் பார்க்க வேண்டிய விஷயம்.

இரண்டாவது சாவி இருந்தால் உடனே அதைப் போட்டுப் பாருங்கள். இரண்டுமே வேலை செய்யவில்லை என்றால் சாவியை விட்டுவிட்டுக் காரைப் பாருங்கள். கார் பேட்டரி இறங்கியிருக்கலாம், சென்ட்ரல் லாக் ஃபியூஸ் போயிருக்கலாம். ஓடாமல் நிற்கும் வண்டியில் நல்ல பேட்டரி 12.4 வோல்ட்டுக்கு மேல் காட்டும். 12-க்குக் கீழே இருந்தால் முதலில் அதைச் சார்ஜ் செய்யுங்கள்.

பட்டன் ஸ்டார்ட் வண்டி வைத்திருப்பவர்கள் பதற வேண்டாம். ரிமோட் பேட்டரி முழுதும் செத்தாலும் வண்டியை எடுக்க வழி இருக்கிறது. ரிமோட்டின் பக்கவாட்டில் உள்ள சின்னத் தாழ்ப்பாளைத் தள்ளினால் உள்ளிருந்து ஒரு பிளேடு வரும். டிரைவர் கதவின் கைப்பிடியில் சாவித் துவாரம் இருக்கும். சில கார்களில் அது ஒரு மூடிக்குள் ஒளிந்திருக்கும். பிளேடால் திறக்கும்போது அலாரம் கத்தலாம். வண்டி ஸ்டார்ட் ஆனதும் அடங்கிவிடும். உள்ளே போனபின், டொயோட்டாவில் பிரேக்கை மிதித்துக்கொண்டு ரிமோட்டின் சின்னம் பொறித்த பக்கத்தை ஸ்டார்ட் பட்டனில் தொட்டுவைத்து, பிறகு பட்டனை அழுத்த வேண்டும். ஹூண்டாய், கியா வண்டிகள் பலவற்றில் ரிமோட்டைக் கொண்டே ஸ்டார்ட் பட்டனை அழுத்தலாம். சில கார்களில் ஸ்டீயரிங் தண்டின் ஓரத்திலோ நடுப்பெட்டியிலோ இதற்கென்று ஓர் இடம் இருக்கும். உங்கள் வண்டியில் எங்கே என்பதை இன்றைக்கே கையேட்டில் பார்த்து வையுங்கள். ராத்திரி பெட்ரோல் பங்கில் நின்றுகொண்டு தேடக் கூடாது.

2. ஷாப்பிங் மாலில் மட்டும் வேலை செய்யவில்லையா? காரை விட்டுப் போகாதீர்கள்

புதிதாக வந்தவர்கள் அவசியம் தெரிந்துகொள்ள வேண்டியது இது. இங்கே கார் ரிமோட்டுகள் பெரும்பாலும் 433.92 மெகாஹெர்ட்ஸில் இயங்குகின்றன. அதே அலைவரிசையில் வேலை செய்யும் கேட் ரிமோட்டை ஒருவன் பக்கத்தில் நின்று அழுத்திக்கொண்டே இருந்தால், உங்கள் ரிமோட் அனுப்பும் குறிப்பு காருக்குப் போய்ச் சேராது. நீங்கள் பூட்டியதாக நினைத்து நடந்துவிடுவீர்கள். திரும்பி வரும்போது லேப்டாப் பை இருக்காது. கதவும் உடைந்திருக்காது என்பதால் காப்பீட்டில் கேட்பதும் கஷ்டமாகிவிடும்.

அதனால் வீட்டில் சரியாக வேலை செய்யும் ரிமோட், ஒரு பார்க்கிங்கில் மட்டும் மக்கர் பண்ணினால் ரிமோட்டைக் குறை சொல்லாதீர்கள். பிளேடால் பூட்டுங்கள், அல்லது வேறு இடத்தில் வண்டியைப் போடுங்கள், மால் செக்யூரிட்டியிடம் சொல்லுங்கள். எந்த நாளும் பூட்டிய பிறகு கைப்பிடியை ஒருமுறை இழுத்துப் பார்த்துவிட்டு நகருங்கள். சாவி பையில் இருந்தாலே கைப்பிடியைத் தொட்டதும் திறந்துகொள்ளும் வண்டியென்றால் இன்டிகேட்டர் மின்னுகிறதா, பூட்டு விழும் சத்தம் கேட்கிறதா என்று கவனியுங்கள்.

"கீயைக் குடுங்க, நான் பாத்துத் தர்றேன்" என்று பார்க்கிங்கில் யார் வந்தாலும், எவ்வளவு நல்லவராகத் தெரிந்தாலும், சாவியைக் கையில் கொடுக்காதீர்கள்.

3. பேட்டரியை மாற்றுங்கள்

ரிமோட்டில் இருப்பது பெரும்பாலும் சி.ஆர். 2032, 2025, 2016, 1620, 1632 இவற்றில் ஒன்று. முதல் இரண்டு இலக்கம் விட்டம், கடைசி இரண்டு கனம். 2032 என்றால் 20 மில்லிமீட்டர் விட்டம், 3.2 மில்லிமீட்டர் கனம். 2032-க்குப் பதில் மெல்லிசான 2025-ஐப் போட்டால் தொடர்பு சரியாகப் படாமல் விட்டுவிட்டு வேலை செய்யும். பழைய பேட்டரியில் என்ன எண் இருக்கிறதோ அதையே வாங்குங்கள்.

சூப்பர் மார்க்கெட், மருந்துக்கடை, ஹார்டுவேர் கடை, கார் உதிரிபாகக் கடை எல்லாவற்றிலும் கிடைக்கும். நல்ல பிராண்டு ஒன்று ஏறக்குறைய 30 முதல் 70 ராண்ட் இருக்கும். அட்டையில் காலாவதி ஆண்டைப் பாருங்கள். ரோட்டோரம் கிடைக்கும் மலிவுப் பேட்டரி புதிதாகவே பாதி செத்திருக்கும். மல்டிமீட்டர் இருந்தால் வைத்துப் பாருங்கள்: புதியது 3 வோல்ட்டுக்குக் கொஞ்சம் மேலே காட்டும். 2.8-க்குக் கீழே போனால் ரிமோட்டின் எட்டும் தூரம் குறையும்.

மாற்றும்போது கவனிக்க வேண்டியவை: கூட்டை விரல் நகத்தாலோ பிளாஸ்டிக் துண்டாலோ திறவுங்கள், கத்தியை ஆழமாக விட்டால் பலகை கீறும். கூட்டல் குறி எந்தப் பக்கம் இருந்தது என்று போனில் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். சில பிராண்டுகளில் குழந்தைகள் விழுங்காமல் இருக்கக் கசப்புப் பூச்சு பூசியிருப்பார்கள். அந்தப் பூச்சால் சில ரிமோட்டுகளில் தொடர்பு கிடைப்பதில்லை. புதுப் பேட்டரி போட்டும் உயிர் வரவில்லை என்றால் பூச்சில்லாத ஒன்றைப் போட்டுப் பாருங்கள். எதுவானாலும் கழற்றிய பேட்டரியை மேசையில் விட்டுவைக்காதீர்கள். குழந்தை விழுங்கினால் இரண்டு மணி நேரத்துக்குள்ளேயே உணவுக்குழாய் வெந்துபோகும். அப்படி ஆகிவிட்டால் காத்திருக்காமல் நேரே ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள்.

டர்பன் கடற்கரையில் சாவியோடு தண்ணீரில் இறங்கிவிட்டீர்களா? முதல் வேலையாகப் பேட்டரியைக் கழற்றுங்கள். நல்ல தண்ணீரில் பலகையை அலசி உப்பை எடுத்துவிட்டு, ஐசோபுரோபைல் ஆல்கஹாலால் துடைத்து, முழுதும் காயவிடுங்கள். உப்புத் தண்ணீர் காய்ந்து உள்ளேயே தங்கினால் சில நாளில் செம்புக் கோடுகளைத் தின்றுவிடும்.

பட்டன் அழுந்தும் சொடுக்கு இல்லாமல் மெத்தென்று இருந்தால் பலகையிலுள்ள சின்ன சுவிட்ச் உடைந்திருக்கிறது என்று அர்த்தம். இதற்குப் புது ரிமோட் தேவையில்லை. டர்பன் கிரே ஸ்ட்ரீட் (இப்போதைய பெயர் டாக்டர் யூசுஃப் தாதூ ஸ்ட்ரீட்) பக்கமோ ஜோபர்க் ஃபோர்ட்ஸ்பர்க் பக்கமோ செல்போன் ரிப்பேர் செய்யும் கைத்தேர்ந்தவர்கள் புதிய சுவிட்சைப் பற்றவைத்துத் தருவார்கள்.

கூடு மட்டும் உடைந்திருந்தால் காலிக் கூடு வாங்கி மாற்றலாம். பலர் மாட்டிக்கொள்வது இந்த இடத்தில்தான். பல சாவிகளில் சிப் பலகையோடு சேர்ந்திருக்காது; கூட்டின் ஒரு மூலையில் அரிசி மணியைவிடக் கொஞ்சம் பெரிதாகத் தனியாக ஒட்டியிருக்கும். கண்ணாடிக் குழலாகவோ கறுப்புத் துண்டாகவோ இருக்கும். அதை எடுத்துப் புதுக் கூட்டில் வைக்காவிட்டால் பட்டனெல்லாம் வேலை செய்யும், வண்டி மட்டும் ஸ்டார்ட் ஆகாது. அதனால் வேலை முடிந்து வண்டி ஸ்டார்ட் ஆகும்வரை பழைய கூட்டைக் குப்பையில் போடக் கூடாது.

4. கையேட்டில் சொல்லியபடி ஒத்திசைத்துப் பாருங்கள்

ஒவ்வொரு முறை அழுத்தும்போதும் ரிமோட் புதிய குறியீட்டை அனுப்புகிறது. காரும் அதே வரிசையில் எண்ணிக்கொண்டு வருகிறது. காருக்கு எட்டாத தூரத்தில் பட்டன் பலமுறை அழுந்தினால் (பெரும்பாலும் குழந்தைகள் கையில்தான் இது நடக்கும்) இரண்டின் கணக்கும் விலகிப்போகும். இதை நாமே சரிசெய்யலாம், காசே ஆகாது.

வோக்ஸ்வாகன் கார்கள் பலவற்றில், காரின் பக்கத்தில் நின்று திறக்கும் பட்டனை அழுத்திவிட்டு, ஒரு நிமிடத்துக்குள் பிளேடால் டிரைவர் கதவைத் திறந்தால் போதும். பழைய ஃபோர்டு ஃபியஸ்டா, ஃபோகஸ் சிலவற்றில் இக்னிஷனை ஆறு நொடிக்குள் நான்கு முறை ஆன் நிலைக்குத் திருப்பி அணைத்தால் ஒரு மணிச்சத்தம் வரும். பத்து நொடிக்குள் ரிமோட்டின் பட்டனை அழுத்த வேண்டும். ஆண்டுக்கு ஆண்டு, மாடலுக்கு மாடல் இது மாறும். கையேட்டில் இருப்பதை மட்டும் நம்புங்கள்.

ஓர் எச்சரிக்கை. புது ரிமோட்டைப் பதிவு செய்யும்போது, அந்த நேரத்தில் பக்கத்தில் இல்லாத ரிமோட்டுகள் பல கார்களில் நினைவிலிருந்து அழிந்துவிடும். வீட்டில் எத்தனை சாவி இருக்கிறதோ அத்தனையையும் கையில் வைத்துக்கொண்டுதான் தொடங்க வேண்டும்.

5. அது கம்பெனி ரிமோட்தானா?

இந்த நாட்டுப் பழைய கார்கள் பலவற்றில், வெளிக்கடையில் பொருத்திய அலாரமும், வண்டி ஸ்டார்ட் ஆகாமல் தடுக்கும் இம்மொபிலைசரும் இருக்கும். காப்பீட்டுக்காக முந்தைய உரிமையாளர் போட்டிருப்பார். ரிமோட்டில் கார் கம்பெனிச் சின்னம் இல்லை, சாவியோடு சேராமல் தனியாகத் தொங்குகிறது, அல்லது வண்டியை எடுக்கும் முன் டேஷ்போர்டில் ஓர் உலோகப் பொத்தானைத் தொடவைக்க வேண்டியிருக்கிறது என்றால் அது வெளியார் பொருத்தியதுதான். டீலரால் இதில் ஒன்றும் செய்ய முடியாது. சோதனைக் கட்டணம்தான் போகும். அலாரம் பொருத்தும் கடைக்குப் போங்கள். வாங்கிய காகிதங்களில், வாகனப் பாதுகாப்புச் சங்கமான வேசாவின் (VESA) சான்றிதழ் இருக்கிறதா என்று தேடுங்கள். எந்த அமைப்பு, யார் பொருத்தியது என்று அதில் தெரியும். அமைப்பையே மாற்றினால் புதிய சான்றிதழ் வாங்கிக் காப்பீட்டு நிறுவனத்துக்கு அனுப்ப மறக்காதீர்கள்.

6. காகிதங்களை முன்கூட்டியே சேர்த்து வையுங்கள்

இதுவரை சொன்னது எதுவும் பலிக்கவில்லை என்றால் ஆளிடம் போக வேண்டியதுதான். ஒழுங்கான டீலரும், சாவி செய்து தரும் ஒழுங்கான லாக்ஸ்மித்தும் கார் உங்களுடையதுதானா என்று கேட்பார்கள். கேட்காமலே சாவி செய்து தருகிறேன் என்பவரிடம் போகாதீர்கள். உங்கள் காருக்கு வேறொருவனுக்கும் அவர் அப்படியே செய்து கொடுப்பார்.

கேட்பவை இவை: கார் பதிவுச் சான்றிதழான ஆர்.சி. 1, பாஸ்போர்ட்டோ தென்னாப்பிரிக்க அடையாள அட்டையோ, ஓட்டுநர் உரிமம், முகவரிச் சான்று. பாஸ்போர்ட்டில் இருப்பவர்கள் பெயரில் வண்டி பதிவாக டிராஃபிக் ரெஜிஸ்டர் எண் வாங்கியிருப்பீர்கள். அந்தச் சான்றிதழையும் எடுத்துச் செல்லுங்கள். சேசிஸ் எண்ணான வின் எண் கண்ணாடியில் ஒட்டிய லைசென்ஸ் டிஸ்கிலேயே இருக்கிறது. படம் எடுத்து வைத்தால் போனிலேயே விலை கேட்கலாம்.

வங்கிக் கடனில் வாங்கிய வண்டி என்றால் கடன் முடியும்வரை அசல் ஆர்.சி. 1 வங்கியிடம்தான் இருக்கும். நகலுக்கு எழுதிக் கேட்க வேண்டும். சில நாள் ஆகும். நேரத்தைத் தின்பது இதுதான், ஆகவே இதை முதலில் தொடங்குங்கள். கார் இன்னும் பழைய உரிமையாளர் பெயரிலேயே இருந்தால் பெயர் மாற்றத்தை முடித்துவிட்டுச் சாவிக்குப் போவதே நல்லது.

சாவி தொலைந்திருந்தால் காவல் நிலையத்தில் அஃபிடவிட் எழுதிக் கொடுங்கள். திருடு போயிருந்தால் வழக்குப் பதிவு செய்து வழக்கு எண் வாங்குங்கள். நகல்களுக்குச் சான்றொப்பமும் அங்கேயே போட்டுத் தருவார்கள். இவை எதற்கும் கட்டணம் கிடையாது. நகலோடு அசலையும் எடுத்துப் போங்கள். சான்றொப்பம் மூன்று மாதத்துக்கு மேல் பழையதாக இருந்தால் பல இடங்களில் ஏற்பதில்லை.

காப்பீட்டுப் பத்திரத்தையும் ஒருமுறை புரட்டுங்கள். சாவி, பூட்டுகளுக்கென்று தனி வரம்பு பலவற்றில் இருக்கிறது. நீங்கள் ஏற்க வேண்டிய தொகையான எக்ஸஸ் எவ்வளவு என்று பார்த்துவிட்டுக் கேட்பதா வேண்டாமா என்று முடிவு செய்யுங்கள்.

7. டீலரா, லாக்ஸ்மித்தா?

நான் விசாரித்த விலைகளைச் சொல்கிறேன். மாடலைப் பொறுத்து ஏறும் இறங்கும். ஒரு மதிப்பீடாக மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். கூடு மாற்ற 200 முதல் 500 ராண்ட். ரிமோட் இல்லாத சிப் சாவி 800 முதல் 1,500. திருகும் வகை ரிமோட் சாவி லாக்ஸ்மித்திடம் 1,500 முதல் 3,500, டீலரிடம் 3,000 முதல் 6,000. பட்டன் ஸ்டார்ட் ரிமோட் என்றால் டீலரிடம் 5,000-இல் தொடங்கி ஐரோப்பியக் கார்களுக்கு 10,000-ஐத் தாண்டும்.

வேலை செய்யும் சாவி ஒன்றுகூட இல்லாவிட்டால் எல்லாக் கணக்கும் மாறிவிடும். காரை இழுத்துச் செல்லும் செலவு, குறியீட்டை எடுக்கும் செலவு, சில கார்களில் மின்னணுக் கட்டுப்பாட்டுப் பெட்டியையே மாற்றும் செலவு என்று அடுக்கடுக்காக வரும். ஒரே சாவியோடு ஓட்டுபவர்கள், அது உயிரோடு இருக்கும்போதே இரண்டாவதைச் செய்துகொள்ளுங்கள். இதற்குச் செலவழிக்கத் தயங்காதீர்கள்.

டீலர் உங்கள் வின் எண்ணுக்கு ஏற்றபடி சாவியை ஆர்டர் செய்வார். வெளிநாட்டிலிருந்து வர வேண்டுமானால் ஒன்று முதல் மூன்று வாரம் ஆகலாம். முன்பணம் கேட்பார்கள். டிசம்பர் நடுவில் நாடே விடுமுறைக்குப் போய்விடும். அப்போது கொடுத்தால் ஜனவரி நடுவில்தான் கையில் வரும். மொபைல் லாக்ஸ்மித் கையில் சரக்கு இருந்தால் வீட்டு வாசலிலேயே ஓரிரு மணி நேரத்தில் முடித்துவிடுவார். சாதாரணக் கார்களுக்கு நான் லாக்ஸ்மித்தையே சொல்வேன். புத்தம்புதிய மாடல், விலையுயர்ந்த ஐரோப்பியக் கார் என்றால் டீலர்.

வெளியே வேலை பார்த்தால் வாரண்டி போய்விடும் என்று பயமுறுத்துவார்கள். 2021 ஜூலை 1 முதல் அமலில் உள்ள போட்டி ஆணைய வழிகாட்டு விதிகளின்படி, வாரண்டி காலத்திலும் தனிக் கடைகளில் வேலை பார்த்துக்கொள்ள உங்களுக்கு உரிமை உண்டு. அந்த வேலையால் ஏதாவது கெட்டுப்போனால் அதற்கு மட்டும் வாரண்டி கிடைக்காது.

லாக்ஸ்மித் தொழில் செய்பவர் தனியார் பாதுகாப்புத் தொழில் ஒழுங்குமுறை ஆணையத்தில் பதிவு செய்திருக்க வேண்டும். பதிவு எண்ணைக் கேளுங்கள். தயங்காமல் சொல்பவரே சரியான ஆள். போனில் பேசும்போதே கேட்க வேண்டியவை: வந்துபோகும் கட்டணம் எவ்வளவு, 15 சதவீத வாட் சேர்த்தா சேர்க்காமலா, பிளேடு வெட்டுவது தனியா, சாவி பலிக்காவிட்டாலும் பணம் கொடுக்க வேண்டுமா? பதிலை வாட்ஸ்அப்பில் எழுதி வாங்குங்கள். "350 ராண்ட்தான்" என்று வந்து, கதவைத் திறந்தபின் 3,000 கேட்பவர்கள் இருக்கிறார்கள். நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, மதிப்பீடு கொடுத்து உங்கள் ஒப்புதல் பெறாமல் வேலை பார்த்துப் பணம் கேட்க முடியாது.

நீங்களே ஆன்லைனில் ரிமோட் வாங்கிப் போக நினைத்தால் அலைவரிசையைப் பாருங்கள். அமெரிக்க, ஜப்பானிய ரிமோட்டுகள் பல 315 மெகாஹெர்ட்ஸ், இங்கே பயன்படாது. பழைய கார் உடைக்கும் யார்டில் கிடைக்கும் ரிமோட்டும் வேண்டாம். பலவற்றில் சிப் முதல் காரோடு பூட்டப்பட்டுவிடும், இன்னொரு காருக்கு மாறாது.

8. வேலை நடக்கும்போது பக்கத்தில் இருங்கள்

நடுத்தெருவில் மாட்டிக்கொண்டால் லாக்ஸ்மித் வரும்வரை வெளிச்சமான பெட்ரோல் பங்கிலோ கடைக்குள்ளோ காத்திருங்கள். இருட்டில் கார் பக்கத்தில் தனியாக நிற்காதீர்கள்.

தொடங்கும் முன் உங்கள் பழைய ரிமோட்டைச் சோதனைக் கருவியில் வைத்துக் காட்டச் சொல்லுங்கள். சிக்னல் வருகிறதா இல்லையா என்று சில நொடியில் தெரிந்துவிடும். கார் பேட்டரி பலவீனமாக இருந்தால் சார்ஜர் போட்டுக்கொண்டு செய்யட்டும்; புரோகிராம் நடக்கும்போது மின்சாரம் இறங்கினால் கட்டுப்பாட்டுப் பெட்டி கெட்டுப்போகும் ஆபத்து உண்டு. டிராக்கர் பொருத்திய வண்டியில் பேட்டரியைக் கழற்றப் போகிறார்கள் என்றால் டிராக்கர் நிறுவனத்துக்கு முன்பே போன் செய்து சொல்லுங்கள். இல்லையென்றால் திருட்டு எச்சரிக்கை போய்விடும்.

தொலைந்த சாவிகளை, முந்தைய உரிமையாளரிடம் இருக்கக்கூடிய சாவிகளையும் சேர்த்து, காரின் நினைவிலிருந்து அழிக்கச் சொல்லுங்கள். எத்தனை சாவி பதிவாகியிருக்கிறது என்று கருவித் திரையில் பல கார்களில் பார்க்கலாம். அது உங்கள் கையிலுள்ள எண்ணிக்கையோடு ஒத்துப்போக வேண்டும். ஆனால் அழித்த சாவியால் இன்ஜின்தான் ஸ்டார்ட் ஆகாது. பழைய பிளேடு கதவை இன்னும் திறக்கும். சாவி திருடு போயிருந்தால் கதவுப் பூட்டையும் மாற்ற வேண்டும்.

9. பணம் கொடுக்கும் முன்

ஒவ்வொரு சாவியாக எடுத்து, பூட்டு, திற, டிக்கி, கதவில் பிளேடு, ஸ்டார்ட் என்று எல்லாவற்றையும் பாருங்கள். வண்டி ஒரு நிமிடமாவது அணையாமல் ஓட வேண்டும். சாவி வெட்டும் எண்ணையும் காரின் பின் (PIN) குறியீட்டையும் கேட்டு வாங்குங்கள். அடுத்த முறை செலவு குறையும். அவற்றைக் காருக்குள் வைக்காதீர்கள்.

பில்லில் வின் எண், செய்த வேலை, லாக்ஸ்மித்தின் பதிவு எண் மூன்றும் இருக்க வேண்டும். பழுதுபார்ப்பில் போட்ட புதிய பாகத்துக்கும் கூலிக்கும் சட்டப்படி மூன்று மாத உத்தரவாதம் உண்டு. டீலரோ கடையோ கைவிரித்தால் தென்னாப்பிரிக்க மோட்டார் தொழில் குறைதீர்ப்பாளரிடம் எழுத்தில் புகார் கொடுக்கலாம். அதற்கும் இந்த பில்தான் ஆதாரம்.

செத்துப்போன பழைய ரிமோட்டையும் தூக்கிப் போடாதீர்கள். நாளைக்குக் கார் திருடு போனால் காப்பீட்டு நிறுவனம் எல்லாச் சாவிகளையும் கொண்டுவரச் சொல்லும். ஒன்று குறைந்தாலும் கேள்வி வரும். பழையதையும் பில்லையும் ஒரே உறையில் போட்டு, ஆர்.சி. 1 நகலோடு வீட்டில் வையுங்கள்.